சீன மொழிகளும் ஒரே எழுத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாண்டரின் படிக்கிறேன் என்று வெளியே தெரிந்தால் போதும், கேள்விகள் வரத் தொடங்கிவிடும். ஊரிலிருந்து பேசும் மாமாவும் சரி, சிங்கப்பூருக்குப் புதிதாக வேலைக்கு வந்த தம்பியும் சரி, கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். சீனச் சொற்களின் ஒலியைத் தமிழ் எழுத்தில் முடிந்தவரை காட்டியிருக்கிறேன். தொனிகளை, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களை, விட்டுவிட்டேன்.

1. சீனாக்காரங்க பேசுறது சைனீஸ். அதுல எதுக்கு இத்தனை பேரு சொல்றீங்க?

"சைனீஸ்" என்பது ஒரு குடும்பத்தின் பெயர். பெய்ஜிங்கிலிருந்து தென்மேற்கே சிச்சுவான், யுன்னான் வரை பரவிக் கிடப்பது மாண்டரின். ஷாங்காய், சுஜோ பக்கம் பேசுவது வூ. குவாங்தோங், ஹாங்காங், மக்காவ் பகுதியில் யுவே. கான்டனீஸ் என்று நாம் சொல்வது அதில் முதன்மையானது. ஃபூஜியென், தைவான் பக்கம் மின். சிங்கப்பூர், மலேசியாவில் காதில் விழும் ஹொக்கியன், தியோச்சு, ஹைனானீஸ் எல்லாம் அந்த மின் கிளையைச் சேர்ந்தவை. ஹக்கா, கான், ஷியாங் ஆகியவை தனி. சீனாவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மக்களின் தாய்மொழி ஏதோ ஒரு வகை மாண்டரின்தான். யுவே பேசுவோர் எட்டுக் கோடி அளவில் இருக்கிறார்கள்.

பெய்ஜிங்கிலேயே வளர்ந்தவர் கான்டனீஸ் வானொலியைத் திருப்பினால் அங்கொரு சொல் இங்கொரு சொல் பிடிபடலாம், செய்தி புரியாது. இன்னும் கிட்டத்தில் பார்த்தால், ஃபூஜோவும் ஷியாமெனும் ஒரே ஃபூஜியென் மாகாணத்து ஊர்கள், இரண்டு பேச்சும் மின்தான். அவரவர் வீட்டுப் பேச்சில் பேசிக்கொண்டால் இருவரும் முழிக்க வேண்டியதுதான்.

2. பேச்சு புரியலைன்னா எழுதிக் காட்டினா போதும், எல்லாருக்கும் ஒரே எழுத்துன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. சீன எழுத்து ஒவ்வொன்றும் பொருளுள்ள ஓர் அசையைக் குறிக்கிறது. பத்து என்ற எண்ணுக்குக் கூட்டல் குறி போல ஓர் எழுத்து இருக்கிறது. மாண்டரின்காரர் அதை "ஷி" என்று படிப்பார், கான்டனீஸ்காரர் "ஸப்" என்பார், ஹக்காக்காரர் "சிப்", ஹொக்கியன்காரர் "சாப்". கடைப் பலகையில் இருக்கும் எழுத்தோ ஒன்றுதான். உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டிப் பேரம் முடிக்கும் பெரியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது இப்படித்தான்.

ஆனால் எழுத்துகளை வரிசையாக அடுக்கி வாக்கியம் ஆக்க வேண்டுமானால் எந்தச் சொல்லைப் போடுவது, எதை முன்னால் வைப்பது என்று ஒரு மொழிதான் தீர்மானிக்க வேண்டும். இன்று சீனா, தைவான், ஹாங்காங், சிங்கப்பூர் எங்கே சீனச் செய்தித்தாளைப் பிரித்தாலும் அதில் இருப்பவை மாண்டரின் சொற்கள், மாண்டரின் இலக்கணம். எல்லோருக்கும் அது புரிகிறது என்றால், எல்லோரும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து அந்த நடையைப் படித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். எழுத்துக்குத் தானாக அந்தச் சக்தி கிடையாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பதில்கள் பாதிக்கு மேல் இங்கேதான் வந்து முட்டும்.

3. அப்போ ஹாங்காங்காரர் பேப்பரை மாண்டரின்லதான் படிப்பாரா?

இல்லை, எழுதியிருப்பது மாண்டரின் நடை. அதைக் கான்டனீஸ் உச்சரிப்பில் படிப்பார். "இது அவனுடையது இல்லை" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். மாண்டரினில் பேசினாலும் எழுதினாலும் "ஜெ பு ஷி தா த". அதே ஐந்து எழுத்தையும் ஹாங்காங் பள்ளிப் பிள்ளை சத்தம்போட்டுப் படித்தால் "ஜே பத் ஸி தா திக்". மணி அடித்து வெளியே ஓடியதும் அதே பிள்ளை நண்பனிடம் அதையே சொல்வது "நி கோ ம் ஹய் கொய் கே". வகுப்பில் படித்த ஐந்து அசையில் ஒன்றுகூட விளையாட்டு மைதானத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். "இது", "இல்லை", "அவன்", "உடைய" எல்லாமே வேறு சொற்கள்.

ஹாங்காங் தொலைக்காட்சித் தொடர்களில் இது கண்ணுக்கு முன்னாலேயே நடக்கும். நடிகர் வாயில் "கொய்" என்று வரும், கீழே ஓடும் எழுத்தில் "தா" என்று இருக்கும். கான்டனீஸ் பாடல்களும் பெரும்பாலும் எழுத்து நடையில் எழுதி, கான்டனீஸ் உச்சரிப்பில் பாடப்படுபவைதான். யாருக்கும் அது விசித்திரமாகப் படுவதில்லை.

4. இது நம்ம செந்தமிழ், பேச்சுத்தமிழ் மாதிரிதானே?

தமிழர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஓரளவு ஒப்புமை உண்டு: எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று, பள்ளி சொல்லித் தருவது முதலாவதை. ஆனால் "வந்துவிட்டான்" என்பதும் "வந்துட்டான்" என்பதும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள் என்பது பார்த்தாலே தெரிகிறது. கான்டனீஸில் அப்படி இல்லை. மேலே பார்த்தபடி சொல்லே மாறிவிடுகிறது. ஒரு மலையாளி வீட்டில் மலையாளம் பேசுகிறார், பள்ளியில் தமிழ் உரைநடையை மட்டும் எழுதப் படிக்கிறார், அந்தத் தமிழின் ஒவ்வோர் எழுத்தையும் மலையாள ஒலியில் வாசிக்கிறார் என்று கற்பனை செய்துகொண்டால் ஹாங்காங் நிலைமைக்குப் பக்கத்தில் வரும்.

மாண்டரினைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு இந்தச் சுமை மிகக் குறைவு. அவருக்குப் பேச்சும் எழுத்தும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

5. சரி, வித்தியாசம் சொல்லுல மட்டும்தானா? உச்சரிப்பு, இலக்கணம் எல்லாம்?

மூன்றிலும் உண்டு. தொனி மாண்டரினில் நான்கு, கான்டனீஸில் ஆறு, ஹொக்கியனில் ஏழு. பழைய சீனத்தில் சொல் இறுதியில் ப், த், க் என்று அடைத்து நிற்கும் ஒலிகள் இருந்தன. கான்டனீஸ், ஹக்கா, ஹொக்கியன் மூன்றும் அவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன, பெய்ஜிங் மாண்டரின் தொலைத்துவிட்டது. நாடு என்பது மாண்டரினில் "குவோ", கான்டனீஸில் "குவோக்", ஹொக்கியனில் "கோக்". டாங் அரச மரபுக் காலத்துப் பழங்கவிதைகளை மாண்டரினில் படித்தால் சில இடங்களில் இயைபு தட்டும், கான்டனீஸில் படித்தால் சரியாக உட்காரும் என்று ஹாங்காங்காரர்கள் பெருமையாகச் சொல்வதற்கு இதுதான் அடிப்படை. சொல்லிக்கொள்ளட்டும், விஷயம் உண்மைதான்.

இலக்கணத்துக்கு ஓர் உதாரணம். "நீங்க முதல்ல போங்க" என்பதை மாண்டரினில் "நி ஷியென் ஸோவ்" என்பார்கள்: நீ, முதலில், போ. கான்டனீஸில் "நெய் ஹாங் ஸின்": நீ, போ, முதலில். "முதலில்" என்ற சொல் கடைசிக்குப் போய்விட்டது. இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மாண்டரினில் நடத்தல், போதல் இரண்டையும் குறிக்கும் அந்த "ஸோவ்" எழுத்துக்குப் பழைய சீனத்தில் ஓடுதல் என்று பொருள். கான்டனீஸில் இன்றும் அதற்கு ஓடிப்போதல், கிளம்பிவிடுதல் என்ற வாடைதான். நடப்பதற்கு அவர்கள் வேறு எழுத்து வைத்திருக்கிறார்கள்.

6. ஃபோன்ல "சிம்ப்ளிஃபைட்", "டிரடிஷனல்"னு ரெண்டு சைனீஸ் காட்டுதே. ஒண்ணு மாண்டரின், ஒண்ணு கான்டனீஸா?

இல்லவே இல்லை. அவை எழுத்தின் வடிவங்கள், மொழிகள் கிடையாது. சீன அரசு 1956-இலும் 1964-இலும் பட்டியல் வெளியிட்டு, அதிகக் கோடுகள் கொண்ட எழுத்துகளைச் சுருக்கியது. அது எளிய வடிவம். சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னர் அதையே ஏற்றுக்கொண்டன. தைவான், ஹாங்காங், மக்காவ் பழைய மரபு வடிவத்திலேயே நின்றுவிட்டன. ஆகவே தைவானில் மாண்டரின் பேசி மரபு வடிவத்தில் எழுதுகிறார்கள். குவாங்ஜோவில் கான்டனீஸ் பேசி எளிய வடிவத்தில் எழுதுகிறார்கள். கூகிள் டிரான்ஸ்லேட்டில் கான்டனீஸ் தனி மொழியாக வந்ததே 2024-இல்தான்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கணினி மாற்றிவிடும், ஆனால் கவனம் தேவை. எளிமையாக்கியபோது சில இடங்களில் இரண்டு எழுத்தை ஒன்றாக்கிவிட்டார்கள். முகத்துக்கும் நூடுல்ஸுக்கும் ஒரே எழுத்து. அரசிக்கும் "பிறகு" என்பதற்கும் ஒரே எழுத்து. அதை மரபு வடிவத்துக்குத் திருப்பும்போது மென்பொருள் தப்பாக ஊகித்தால் கடைப் பலகை சிரிப்பாய்ச் சிரிக்கும்.

7. சீன எழுத்துன்னா படம்தானே? அதுல ஒலியே கிடையாதுதானே?

படத்திலிருந்து வந்தவை சிறுபான்மை. பெரும்பாலான எழுத்துகளில் இரண்டு உறுப்புகள்: ஒன்று பொருளுக்குக் குறிப்பு, மற்றது ஒலிக்குக் குறிப்பு. யாங்சி ஆற்றைச் சீனர்கள் சாங் ஜியாங் என்கிறார்கள். அந்த "ஜியாங்" எழுத்தின் இடப்பக்கம் மூன்று துளி, அதாவது தண்ணீர் சம்பந்தப்பட்டது. வலப்பக்கம் வேலை என்று பொருள்படும் "கோங்" எழுத்து. வேலைக்கும் ஆற்றுக்கும் சம்பந்தமில்லை, ஒலிக்காக மட்டும் நிற்கிறது.

"ஜியாங்" எங்கே, "கோங்" எங்கே என்று தோன்றும். எழுத்து உருவான காலத்தில் இரண்டும் நெருக்கமாக ஒலித்தன. பிறகு மாண்டரின் வெகுதூரம் மாறிப்போனது. கான்டனீஸில் ஆறு "கோங்", வேலை "குங்"; இன்றும் உறவு தெரிகிறது.

8. என் ஆபீஸ்ல ஒருத்தர் டான், ஒருத்தர் சான், சீனாவிலிருந்து வந்தவர் சென். மூணும் ஒரே குடும்பப் பேருன்னு சொல்றாங்க, நிஜமா?

நிஜம். மூவரும் தங்கள் பெயரைச் சீனத்தில் எழுதினால் ஒரே எழுத்துதான். ஹொக்கியன், தியோச்சு வழியில் டான், கான்டனீஸில் சான், ஹக்காவில் சின், மாண்டரினில் சென். ஜாக்கி சானின் சானும் இதுவே. லிம், லாம், லின் மூன்றும் அப்படியே இன்னொரு குடும்பப் பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் பதிவு செய்த எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். வந்தவர் எந்தப் பேச்சுக்காரரோ அந்த ஒலி அடையாள அட்டையில் நிலைத்துவிட்டது.

தலைகீழாகவும் நடக்கும். சிங்கப்பூர்ப் பிரதமர் லாரன்ஸ் வோங்கும் ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வாயும் ஒரே பெயர்க்காரர்கள் என்று நினைத்தால் தப்பு. முதலாமவர் மாண்டரினில் ஹுவாங், இரண்டாமவர் வாங். கான்டனீஸில் இரண்டுமே வோங் ஆகிவிடுகின்றன. எல்லாவற்றிலும் மோசம் "இங்". அது கான்டனீஸ்காரர் பெயராக இருந்தால் பெரும்பாலும் வூ, ஹொக்கியன் அல்லது தியோச்சுக்காரர் பெயராக இருந்தால் பெரும்பாலும் ஹுவாங். அந்த வூ என்ற பெயர் ஹொக்கியனில் கோ ஆகும், முன்னாள் பிரதமர் கோ சோக் தோங்கின் கோ.

9. இந்த ஏற்பாட்டை யார், எப்போ கொண்டுவந்தா?

எழுத்து வடிவத்தை ஒன்றாக்கியது கி.மு. 221-இல் நாட்டை ஒன்றாக்கிய சின் பேரரசர், அவருடைய அமைச்சர் லி ஸி. அதன் பிறகு இரண்டாயிரம் ஆண்டுகளாக எழுதியது பழஞ்சீன நடையில். அது எந்த ஊராரின் வீட்டுப் பேச்சும் இல்லை. கற்றவர் எல்லோரும் சமமாக மெனக்கெட்டுத்தான் படித்தார்கள், அவரவர் ஊர் ஒலியில் வாசித்தார்கள். கொரியா, ஜப்பான், வியட்நாம் அறிஞர்கள்கூடச் சீனத்தில் ஒரு வார்த்தை பேசத் தெரியாமலே தூரிகையால் எழுதி உரையாடினார்கள். எழுத்து எல்லோருக்கும் பொது என்ற பேச்சு உண்மையில் அந்தக் காலத்துக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும்.

1917-இல் ஹு ஷி போன்ற அறிஞர்கள் பேச்சுநடையில் எழுத வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். 1919 மாணவர் எழுச்சி அதற்கு வேகம் கொடுத்தது. 1920-இல் தொடக்கப் பள்ளிப் பாடநூல்களைப் பேச்சுநடைக்கு மாற்றக் கல்வி அமைச்சு உத்தரவிட்டது. யாருடைய பேச்சு? வடக்கத்தியப் பேச்சு. மாண்டரின்காரருக்கு அது விடுதலை. தெற்கத்தியருக்கு ஓர் அந்நிய நடை போய் இன்னோர் அந்நிய நடை வந்தது. இதைப் பெரும்பாலான வரலாற்றுப் பக்கங்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன.

10. ஒரே ஓட்டு வித்தியாசத்துல கான்டனீஸ் தேசிய மொழி ஆகாமப் போச்சாமே?

நல்ல கதை, ஆனால் கதைதான். 1913-இல் பெய்ஜிங்கில் உச்சரிப்பை ஒருமைப்படுத்த ஒரு மாநாடு கூடியது உண்மை. அங்கே ஓட்டெடுப்பு நடந்ததும் உண்மை. ஆனால் மொழிக்கு மொழி ஓட்டுப் போடவில்லை. மாகாணத்துக்கு ஓர் ஓட்டு என்று 6,500-க்கும் மேற்பட்ட எழுத்துகளுக்கு ஒவ்வொன்றாக உச்சரிப்பை முடிவு செய்தார்கள். விளைந்தது ஒரு கலவை உச்சரிப்பு. அதைத் தாய்மொழியாகப் பேசியவர் உலகத்தில் ஒருவரும் இல்லை. மொழியியலாளர் யுவென் ரென் சாவ் அதைக் கிராமபோன் தட்டில் பேசிப் பதிவு செய்தார், கேட்டுப் பின்பற்றத்தான் ஆள் கிடைக்கவில்லை. 1920-களில் அதைக் கைவிட்டு, பெய்ஜிங்கில் படித்தவர்கள் பேசும் உச்சரிப்பையே அளவுகோலாக்கினார்கள். மக்கள் சீனம் 1956-இல் வகுத்த பொதுமொழியான புதோங்ஹுவாவும் பெய்ஜிங் ஒலி, வடக்கத்தியச் சொற்கள் என்ற அதே அடித்தளத்தில் நிற்பதுதான்.

11. கான்டனீஸ், ஹொக்கியனுக்கு எழுத்தே கிடையாதுன்னு ஒரு சைனீஸ் நண்பரே சொன்னாரே?

பள்ளியில் சொல்லித் தரவில்லை என்பதைத்தான் பலர் எழுத்தே இல்லை என்று சொல்கிறார்கள். கான்டனீஸை அப்படியே எழுதலாம், ஹாங்காங்கில் தினமும் எழுதுகிறார்கள்: விளம்பரம், கேலிச்சித்திரம், குறுஞ்செய்தி என்று. மாண்டரினில் இல்லாத சொற்களுக்கு எழுத்தும் உண்டாக்கிக்கொண்டார்கள். "இருக்கிறது" என்ற எழுத்தின் உள்ளே இரண்டு சிறு கிடைக்கோடுகள் இருக்கும். அவற்றை உருவிவிட்டால் "மோ", அதாவது "இல்லை". உள்ளே ஒன்றுமில்லை என்று எழுத்தே சொல்கிறது. மூன்றாம் பதிலில் வந்த "ம்", "கே" போன்றவற்றுக்கு, ஒலி ஒத்த ஓர் எழுத்தை எடுத்து இடப்பக்கம் வாயைக் குறிக்கும் சின்னச் சதுரம் ஒன்றை ஒட்டிவிட்டார்கள். கணினியில் இவை கிடைக்காமல் அல்லாடிய காலத்தில், 1999-இல் ஹாங்காங் அரசே கூடுதல் எழுத்துத் தொகுதி வெளியிட்டது.

ஹொக்கியனுக்குச் சிரமம் அதிகம். எந்த எழுத்து என்று உறுதியாகச் சொல்ல முடியாத அன்றாடச் சொற்கள் அதில் நிறைய. ஒரே எழுத்துக்குப் படிப்பு ஒலி ஒன்று, வீட்டு ஒலி ஒன்று என்று இரண்டும் உண்டு: பத்து என்பது ஏட்டில் "சிப்", எண்ணும்போது "சாப்". பாதிரிமார் 19-ஆம் நூற்றாண்டில் லத்தீன் எழுத்தில் எழுத வழிசெய்தார்கள். தைவானின் தைனான் நகரில் 1885-இல் தொடங்கிய தேவாலயச் செய்தித்தாள் அந்த எழுத்திலேயே வந்தது. தைவான் கல்வி அமைச்சு 2007 முதல் 2009 வரை 700 எழுத்துகளைப் பரிந்துரைத்து ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர முயன்றது.

12. இவ்வளவு கஷ்டப்படுறதுக்குப் பேசாம பின்யின்லயே எழுதிடலாமே?

1958-இல் வந்த பின்யின், மாண்டரின் உச்சரிப்பை லத்தீன் எழுத்தில் காட்டும் முறை. அதில் எழுதினால் கான்டனீஸ்காரர் தன் ஒலியில் படிக்க முடியாது, இரண்டாம் பதிலில் சொன்ன பாதி உண்மையும் போய்விடும். 1930-களில் லத்தீன் எழுத்துக்கு மாற வேண்டும் என்று ஓர் இயக்கம் நடந்தது. அதற்கே வட்டாரத்துக்கு வட்டாரம் தனித்தனித் திட்டம் போட வேண்டியிருந்தது.

ஆனால் சீன எழுத்து இல்லாமல் சீனம் எழுதவே முடியாது என்று யாராவது சொன்னால் துங்கன் மக்களைக் காட்டுங்கள். வடமேற்குச் சீனாவிலிருந்து 1870-களின் இறுதியில் ருஷ்ய எல்லைக்குள் தப்பிப்போன முஸ்லிம்கள் அவர்கள். இன்று கிர்கிஸ்தானிலும் கஜகஸ்தானிலும் இருக்கிறார்கள். பேசுவது மாண்டரின் வகை. எழுதுவது ருஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்தில், தொனிக்குறிகூடப் போடாமல். பத்திரிகை, கவிதை எல்லாம் அதில் வந்திருக்கின்றன.

13. சீன அரசு "வட்டார வழக்கு"ன்னு சொல்லுது, நீங்க "மொழி"ன்னு எழுதுறீங்க. எது சரி?

கேட்டால் புரியுமா என்று பார்த்தால் மொழிகள்தான். ஒரே நாடு, ஒரே எழுத்து, ஒரே இலக்கிய மரபு என்று பார்ப்பவர்கள் வழக்கு என்கிறார்கள். நான் முதல் அளவுகோலைப் பிடித்துக்கொள்கிறேன். எழுத்து ஒன்று என்ற வாதம் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் மேலே பார்த்தோமே.

இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. 2010-இல் குவாங்ஜோ தொலைக்காட்சியின் முக்கிய நிகழ்ச்சிகளை மாண்டரினுக்கு மாற்றலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஜூலை மாதம் மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

14. சிங்கப்பூர்ல பேரப்பிள்ளைக்குப் பாட்டி பேசுறது புரியலையாமே, ரெண்டு பேரும் சைனீஸ்தானே?

பாட்டி ஹொக்கியனோ தியோச்சுவோ, பேரன் பள்ளியில் படித்தது மாண்டரின், வீட்டில் ஆங்கிலம். 1979-இல் லீ குவான் யூ மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கினார், அதையொட்டி வானொலி, தொலைக்காட்சியில் மற்ற சீன மொழிகள் படிப்படியாக நின்றன. 2020 கணக்கெடுப்பில் அவற்றை வீட்டில் அதிகம் பேசுவதாகச் சொன்னவர்கள் 8.7 சதவீதம்தான். இங்கே எழுதிக் காட்டியும் பயனில்லை. அந்தத் தலைமுறைப் பாட்டிகளில் பலர் பள்ளிக்கே போகாதவர்கள். காப்பிக்கடையில் நாமும் கேட்டு வாங்கும் "கோப்பி ஓ"வில் கறுப்பைக் குறிக்கும் "ஓ" ஹொக்கியன். அது மட்டும் நம்மவர் வாய் உட்பட எல்லோர் வாயிலும் பத்திரமாக இருக்கிறது.

15. மாண்டரின் நல்லாவே படிக்க வரும். ஆனா ஹாங்காங் நண்பர் அனுப்புற மெசேஜ் மட்டும் புரிய மாட்டேங்குதே?

அவர் பேசுவதுபோலவே எழுதுகிறார், பதினோராம் பதிலில் சொன்ன எழுத்துகளோடு. போதாக்குறைக்கு மரபு வடிவம் வேறு. நடுநடுவே ஆங்கில "டி" எழுத்து தனியாக நின்றால் பயப்படாதீர்கள். "கொஞ்சம்" என்று பொருள்படும் "தி"க்குச் சுருக்கம் அது. "அவன்", "இல்லை", "உடைய", "இருக்கிறது", "என்ன" என்பவற்றின் கான்டனீஸ் எழுத்துகளை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், பாதிச் செய்தி திறந்துவிடும். அவசரம் என்றால் எழுத்து நடையில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஹாங்காங்கில் படித்த யாராலும் அது முடியும். ஆனால் நண்பர்களுக்குள் அப்படி எழுதினால் அலுவலகக் கடிதம் மாதிரி இருக்கிறது என்று அலுத்துக்கொள்வார்கள்.